குளிருக்கு மது மருந்தா?

பனியும் மழையும் மாறி மாறி வரும் லிந்துலைத் தோட்டங்களில், குளிருக்கு மது மருந்து என்னும் எண்ணம் பழமையானது. மதுவினால் ஆங்கிலேய அரசாங்கமும் பெருவருவாய் கண்டது. சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவரே குத்தகை பெற்றார். 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் வந்தது. சாராயக் கடைகள் போதாவென்று கள்ளுக்கடைகளும் தனியே பெருகின. அதனை எதிர்த்து இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. பிற்காலத்தில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவும் அவ்வியக்கத்தில் உழைத்தவரே.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்பதைத் தடை செய்தது. ஆனால் மாணவர் பலர் அவ்வயதைக் கல்லூரியிலேயே அடைகின்றனர். அதன்பின் அவர்களுக்கு அறிவே காவல்.

மது அருந்தியதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடம்பு வெம்மையுறுவதாகத் தோன்றுகிறது. உண்மையில், உள்ளிருக்கும் சூடே அவ்வழியாக வெளியேறுகிறது. குளிர் நாட்டில் இது உயிருக்கே தீங்காகலாம்.

கொழுந்து பறித்த கூலியிலே பெற்றோர் மிச்சம் பிடித்து, லயத்து அறையிலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். நண்பர் கிண்ணத்தை நீட்டும்போது அப்பிள்ளை இவ்வுண்மையையும் அக்கூலியையும் நினைத்தல் வேண்டும். வேண்டாமென்று சொல்லத் துணிதலும் வேண்டும்.