முற்றமும் பணிமனையும்: ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களில் ஒளியும் கட்டுவிப்போர் தேவையும்

1. ஆய்வெல்லை

வீடு கட்டுவிப்பவரின் தேவைகள் ஒரு பட்டியலாக முதலில் வந்துவிடும். வெளிச்சம் கடைசியில் ஜன்னல் அளவாகச் சுருங்கிவிடும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே பிழை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஓரிடத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும், எப்பக்கமிருந்து வேண்டும் என்பதை அங்கே நடக்கும் வேலைதான் தீர்மானிக்கிறது. இதைச் சோதிக்க, இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) 1960களிலும் 70களிலும் அமைத்த இரு வீடுகளும் இரு அலுவலகங்களும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவருடைய விடுதிகள் பற்றி ஏற்கெனவே நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவை இங்கே இல்லை.

2. கொழும்பின் வெயிற்கணக்கு

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் உள்ளது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. தென் சுவரை மட்டும் மறைத்தால் போதாது. ஆண்டின் நடுமாதங்களில் வெயில் வட சுவருக்கும் வந்துவிடும். காலை மாலைச் சாய்வெயிலுக்கோ தாழ்வாரமும் முழுக் காவலாகாது. இங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை. அதோடு சேர்ந்து வரும் வெப்பத்தையும் கூச்சத்தையும் வெளியே நிறுத்துவதே சிக்கல்.

வெயிலை இப்படி வெளியே நிறுத்துவதற்கு எதிராக நிற்பது அறையின் ஆழம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்கு அல்லது சற்றே கூடுதலான தூரம்வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு உதவும் என்பது துறையில் வழங்கும் நடைமுறைக் கணக்கு. 7 அடி உயர ஜன்னலுக்கு 15 அடி. அதற்கப்பால் விளக்கு போட வேண்டியதுதான்.

3. ஏனா டி சில்வா இல்லம் (1960–62)

3.1 கோரிக்கைகளின் முரண்

கண்டிப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, பத்திக் துணிக்கலையால் பேர்பெற்றவர் ஏனா டி சில்வா. அவர் கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா பொலிஸ் மா அதிபராக இருந்தவர். பழைய வளவு வீடுகளின் திண்ணையும் திறந்தவெளியும் வேண்டும். வீடு புதுக்காலத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கணவருக்கு அலுவலறையும், ஒரு கலைக்கூடமும் வேண்டும். இத்தனையும் கொழும்பு அல்பிரட் பிளேஸில் ஒரு சிறிய மனைக்குள். பக்கத்து வீட்டார் கண்ணிலிருந்து மறைவும் தேவை.

3.2 தீர்வு

பாவா தெருப்பக்கத்தைச் சுவரால் மூடினார். வீட்டை நடுவே ஒரு பெரிய முற்றத்தையும், ஓரங்களில் சிறு முற்றங்களையும் சுற்றி அமைத்தார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இது அந்நியமல்ல. வேறுபாடு என்னவென்றால், நாற்சார் வீட்டில் வெளிச்சம் ஒரே கிணற்றில் இறங்குகிறது. இங்கே ஒவ்வொரு அறைக்கும் இரு பக்கத்து வானம் கிடைக்கிறது. முற்றத்துத் தரையில் விழுந்த வெயில், தாழ்ந்த இறவாணத்தின் அடியில் தெறித்து, மென்மையாகி அறைக்குள் நுழைகிறது. கலைக்கூடத்துக்குத் தேவையானதும் அந்த நிழல்படாத ஒளிதான். அறைகள் ஆழமில்லாதிருப்பதால் 15 அடிக் கணக்கும் தப்பவில்லை.

அக்கால இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கண்ணாடியும் இரும்பும் எளிதில் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுப்பாடு இந்த வீட்டுக்கு நன்மையே செய்தது என்பேன். கண்ணாடி தாராளமாகக் கிடைத்திருந்தால் மரத்தூண்களுக்கிடையே அது ஏறியிருக்கும், காற்று நின்றிருக்கும்.

4. பணியிடங்கள்

ஒருவல என்னுமிடத்தில் உருக்குக் கூட்டுத்தாபனத்துக்காகக் கட்டிய அலுவலகத்தில் (1966–69) முற்றத்துக்குப் பதில் நீர்நிலை இருக்கிறது. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட வெளியே நீண்டு அதற்கு நிழல் தருகிறது. முன்வார்ப்புக் கொங்கிரீட் சட்டங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் சலித்து அனுப்புகின்றன.

கொழும்பு அரச ஈட்டு வங்கிக் கட்டடம் (1976–78) இதைவிடத் துணிச்சலான முயற்சி. குளிரூட்டி இல்லாமல், இயற்கைக் காற்றையும் பகல் ஒளியையும் நம்பி ஒரு அடுக்குமாடி. ஆனால் கட்டுவித்தவரும் குடியேறியவரும் வேறானார்கள். கட்டடம் மகாவலி அமைச்சின் கைக்குப் போயிற்று. தடுப்பறைகள் எழுந்தன, குளிரூட்டிகள் வந்தன. திறந்த தளத்தில் அதிகாரியின் தகுதியைக் காட்டத் தனியறை வேண்டும் என்பதும் ஒரு தேவைதான். வரைபடத்தில் அது குறிக்கப்படவில்லை.

5. ஆள் மாறிய வீடுகள்

ஈட்டு வங்கிக் கட்டடத்துக்கு மாறானது பார்த்தலோமியூஸ் வீடு. மருத்துவர் ஒருவருக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது, பிறகு பாவாவின் சொந்த அலுவலகமாயிற்று, இப்போது உணவகம். மூன்று பயன்பாட்டுக்கும் ஈடுகொடுத்தது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் முற்றங்களின் வரிசை. முற்றத்தில் எவரும் தடுப்பு எழுப்பவில்லை. மழை பெய்யுமிடத்தில் தனியறை கேட்பாரில்லை. மாடிக்கட்டடத்தின் ஒளி தளம் திறந்திருப்பதை நம்பியிருந்தது. இங்கே ஒளிவரும் வழி, குடியிருப்பவர் எளிதில் கைவைக்க முடியாத இடத்தில் இருந்தது.

ஏனா டி சில்வா இல்லத்தின் கதை இந்த முடிவைச் சற்றே சிக்கலாக்குகிறது. 2009இல் மனை விற்கப்பட்டதும் வீட்டைப் பிரித்தெடுத்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பினார்கள். முற்றத்து ஒளி அங்கும் அப்படியே இறங்குகிறது. ஆனால் தெருவையும் அண்டை வீட்டையும் மறைக்கக் கட்டிய சுவர், மறைப்பதற்கு எதுவுமில்லாத தோட்டத்தில் நிற்கிறது. முற்றம் ஊர் மாறியும் வேலை செய்கிறது. சுவரை விளங்கிக்கொள்ள அல்பிரட் பிளேஸின் மனை வரைபடம் கையில் இருக்க வேண்டும்.