அரக்கு இசைத்தட்டும் இந்திய ஜாஸ் இசையும்

அரக்கு இசைத்தட்டு என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலவிட்டு, ஊசி வைத்துக் கேட்கப்பட்ட ஒலித்தட்டு ஆகும். 1890களின் பிற்பகுதி முதல் 1950கள் வரை உலகில் பதிவான இசையின் பெரும்பகுதி இத்தட்டுகளில்தான் விற்பனையானது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மக்கள் இதைப் 'பிளேட்டு' என்றும் 'ரெக்கார்டு' என்றும் அழைத்தனர். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையும், அதையொட்டி வளர்ந்த நடன இசையும் கடல் கடந்து பரவியது இத்தட்டுகளின் வழியேதான். அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து சென்றது.

அரக்கின் பங்கு

பாரதக் கதையின் அரக்கு மாளிகையையும், தபால் உறைகளில் வைக்கும் அரக்கு முத்திரையையும் நாம் அறிவோம். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சோட்டா நாக்பூர் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. 1920களில் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆய்வுக்கென ஒரு நிறுவனமே அமைக்கப்பட்டது.

அரக்கு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இளகிய நிலையில் அச்சில் வைத்து அழுத்தினால் நுண்ணிய பள்ளங்களையும் பிசகாமல் வாங்கிக்கொள்ளும். தட்டு முழுவதும் அரக்கு அன்று. கல்மாவு, பஞ்சிழை, கரித்தூள் ஆகியவையே அதில் மிகுதி; அவற்றைப் பிணைத்தது அரக்கு. கல்மாவின் உராய்வால் எஃகு ஊசி விரைவில் தேய்ந்தது, கரகரப்பும் எழுந்தது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். அன்றைய நடனப் பாடல்கள் அந்த அளவுக்குள் முடிந்ததற்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் வழி தடைப்பட்டது. போர்த் தேவைகளுக்கும் அரக்கு வேண்டியிருந்தது. எனவே 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை வெகுவாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியவை செய்தனர்.

இந்தியாவில் ஒலிப்பதிவு

1902இல் பிரெடரிக் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குச் சென்று, தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் அது டம்டம்முக்கு மாறியது. தென்னகத்தில், பின்னாளில் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கிய ஏ. வி. மெய்யப்பன், 1930களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் முத்திரைத் தட்டுகளை வெளியிட்டார்.

ஜாஸ் கலைஞர்கள்

1917இல் நியூயார்க்கில் முதல் ஜாஸ் தட்டு பதிவானது. 1935இல் லியோன் அபே தலைமையிலான ஆப்பிரிக்க அமெரிக்கக் குழு பம்பாய் தாஜ் மகால் ஹோட்டலில் வாசித்தது. அடுத்து எக்காளக் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு வந்தது. 1936இல் அக்குழு, மேனா சைலஸ் இயற்றிய 'தாஜ் மகால்' என்னும் நடன இசையை ரெக்ஸ் முத்திரைத் தட்டில் பதிவு செய்தது.

பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு சிகாகோவில் புகழ்பெற்று, 1926இல் ஆசியாவுக்கு வந்தவர். போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, கொலம்பியா முத்திரையில் பல தட்டுகளைப் பதிவு செய்தார். 1945இல் காலராவால் அங்கேயே இறந்தார். அவர் இந்தியாவில் வாசித்ததை இன்று நாம் கேட்பதற்குப் பெரும்பாலும் அத்தட்டுகளே துணை.

திரையிசைக்கு வந்த வழி

இக்குழுக்களில் பயின்ற கோவா கலைஞர்கள் பலர் பின்னர் திரைப்பட இசைக்கூடங்களுக்கு வந்தனர். எக்காளம் வாசித்த சிக் சாக்லேட் அவர்களுள் ஒருவர். 1951இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் இசையமைப்பாளர் சி. ராம்சந்திரா அவரைத் திரையிலும் தோன்றச் செய்தார். ராம்சந்திரா தொடக்க காலத்தில் இசையமைத்த படங்களுள் தமிழ்ப் படமான 'வனமோகினி'யும் (1941) ஒன்று.

தமிழில் ஜே. பி. சந்திரபாபு, குரலைச் சட்டென்று உடைத்து உயர்த்தும் மேலைநாட்டு யோடலிங் முறையில் பாடினார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் வந்த 'காதலிக்க நேரமில்லை' (1964) படப் பாடல்களில் மேலை நடன இசையின் சாயலைத் தெளிவாகக் கேட்கலாம். ஹோட்டல் நடனக்கூடத்தைக் கண்டிராத வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சிற்றூர்க்காரர்களும் கலியாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டது, இப்படிப் பல கைகள் மாறி வந்த இசையைத்தான்.

முடிவும் பாதுகாப்பும்

மேலைநாடுகள் வினைல் தட்டுக்கு மாறிய பின்னும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்தன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட 1960களில் இங்கு அவ்வடிவில் அச்சாயின.

அரக்குத் தட்டு கைதவறி விழுந்தால் உடையும். வெயிலில் கிடந்தால் நெளியும். மூலப்பதிவு அழிந்திருந்தால் எஞ்சிய ஒரு தட்டே அந்த இசைக்குச் சான்று. 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இத்துறையில் இயங்கி வருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின்கீழ் ஓடியன் தட்டுகள் எண்ணிம வடிவில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பழைய வீடுகளின் பரணில் கிடக்கும் தட்டுகளைக் கழித்துக்கட்டும் முன், அவற்றின் நடுவிலுள்ள வட்டச்சீட்டில் அச்சிட்ட பெயரையும் எண்ணையும் ஒருமுறை படித்துக் குறித்துக்கொள்வது நல்லது. அச்சிறு குறிப்பைக் கொண்டே, அந்தத் தட்டு அரியதா என்பதை அறிந்தவர்கள் சொல்ல முடியும்.