ஷாம்பூ லேபிளில் கொத்தவரங்காய்: முடி பறப்பதைத் தடுப்பது எது?

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சில் வளர்ந்தவருக்கு, சீப்பை எடுத்ததுமே முடி அதோடு சேர்ந்து பறக்கும் தொல்லை அதிகம் தெரிந்திருக்காது. சுற்றிலும் கடல், ஆண்டில் பாதிக்கு மேல் மழைக்காலம். அதே நபர் வேலைக்காக பெங்களூரு வந்து, மார்ச் மாத மதியத்தில் ஏசி அறையில் தலை வாரினால் கதையே வேறு.

என்ன நடக்குது?

சீப்பு உரசும்போது எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. எல்லா முடியிலும் ஒரே வகை மின்னூட்டம் சேர்வதால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. ஈரக் காற்றில் முடி மேல் படியும் நீர் அந்த மின்னூட்டத்தைக் கடத்திவிடும். வறண்ட காற்றில் அதற்கு வழியில்லை.

கண்டிஷனர் என்ன செய்யுது?

ஈர முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. கண்டிஷனரில் உள்ள செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் கழுவிய பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சேதமான இடத்தில் எதிர்மின்னூட்டம் அதிகம் என்பதால் அங்கே கூடுதலாகவே ஒட்டும். உரசல் குறையும், சேர்ந்த மின்னூட்டமும் எளிதில் கடந்துபோகும்.

ஷாம்பூவில் இந்த வேலையைப் பல நேரம் செய்வது நம்ம கொத்தவரைதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் குவார் கோந்தை வேதிமாற்றம் செய்தால் 'குவார் ஹைட்ராக்ஸிபுரோபைல்டிரைமோனியம் குளோரைடு' கிடைக்கும். தண்ணீர் ஊற்றி அலசும்போது இது ஷாம்பூவின் நுரைப்பொருளோடு சேர்ந்து பிரிந்து முடியில் படியும். உலகின் குவார் விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுடையது, அதிலும் முதலிடம் ராஜஸ்தானுக்கு.

அப்போ தேங்காய் எண்ணெய்?

2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்களை ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. (ஆய்வு செய்தவர்கள் பாராசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிகோ நிறுவனத்தினர், அதையும் நினைவில் வைக்கணும்.) ஆனால் எண்ணெய்க்கு நேர்மின்னூட்டம் கிடையாது. உரசலைக் குறைக்கும், அவ்வளவுதான்.

லேபிளில் என்ன பார்க்கணும்?

இந்திய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழானவை எந்த வரிசையிலும் வரலாம். 'டிரைமோனியம்', 'பாலிகுவாட்டர்னியம்' என்று பெயரில் வருவதைத் தேடுங்க. 'செட்டைல் ஆல்கஹால்' பார்த்து பயப்பட வேண்டாம், அது முடியை உலர்த்தாத கொழுப்பு ஆல்கஹால்.

பெரார்கஞ்ச் போன்ற ஈரமான ஊரில் முடி புஸ்ஸென்று நிற்பது மின்னூட்டத்தால் அல்ல. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புவதால்தான். அங்கே 'ஆன்டி-ஸ்டேடிக்' சீரத்துக்குத் தனியாகக் காசு கொடுப்பது வீண். ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும் டைமெத்திகோன் மெல்லிய படலம் கொஞ்சம் உதவும்.