மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்

இளம் வயதிலேயே கை, கால், முகம், நாக்கு ஆகியவற்றின் தசைகளை மெலியவைத்து, காது கேட்கும் திறனையும் குறைக்கும் அரிய நரம்புச் சிதைவு நோய். பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்படுகிறது. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970இல் சென்னையிலிருந்து இதை முதன்முதலாக விவரித்தனர். இவர்களில் ராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர்.

இயக்க நரம்பணு நோய் என்றாலே ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வந்து, சில ஆண்டுகளில் உயிரைப் பறிப்பது என்பதே பாடநூல்கள் சொன்னது. சென்னை மருத்துவர்களிடம் வந்த நோயாளிகள் சிலரோ முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள். உடல் மெலிந்திருந்தது, முகத் தசை தளர்ந்திருந்தது, பேச்சு குழறியது, காதும் மந்தமாகியிருந்தது. வழக்கமான இயக்க நரம்பணு நோய் செவியைத் தொடுவதில்லை. நோயும் பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்தது. இந்த வேறுபாடுகளைக் கவனித்துத் தனியாகப் பிரித்ததுதான் அம்மருத்துவர்களின் பெரும்பணி.

போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலமலைச் சரிவுகளில் இந்தத் தளர்ச்சி ஒருவரின் பிழைப்பை எப்படிப் பாதிக்கும் என்பது எளிதில் விளங்கும். ஏலக்காய், செடியின் அடியில் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. குனிந்தோ குந்தியோ முற்றிய காயை மட்டும் விரல் நுனியால் பறிக்க வேண்டும். தசைகளை இயக்கும் தண்டுவட முன்கொம்பு அணுக்கள் அழிந்தால் விரல்களின் அந்த நுண்பிடி தளர்ந்துவிடும். கூடவே காதும் மந்தமானால், தோட்டத்தில் கூப்பிடுபவருக்குப் பதில் சொல்வதும் கடினம். வீட்டார் இவை இரண்டையும் ஒரே நோயின் முகங்களாகப் பார்ப்பது அரிது. காதுக்கு ஒரு மருத்துவர், கைக்கு ஒரு மருத்துவர் என்று தனித்தனியே அலைவார்கள்.

சென்னையில் தொடங்கிய ஆய்வு பெங்களூருவின் நரம்பியல் ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸில் விரிந்தது. கௌரி தேவி, நளினி போன்றோர் தொடர்ந்து இந்நோயைப் பின்தொடர்ந்தனர். 1971 முதல் 2007 வரை அங்கு வந்த 116 நோயாளிகளின் விவரங்கள் 2008இல் தொகுக்கப்பட்டன. எஸ். கே. சங்கர் குழுவினர் 2000இல் வெளியிட்ட பிரேத ஆய்வில், தண்டுவட இயக்க அணுக்கள் அழிந்திருந்ததுடன் செவி நரம்பும் சிதைந்திருந்தது தெரிந்தது.

ஓர் இடத்தின் பெயரோடு பிணைந்த நரம்புச் சிதைவு உலகில் வேறெங்கும் இல்லாததல்ல. பசிபிக்கின் குவாம் தீவில் சமோரோ மக்களிடம் காணப்பட்ட நோயில் மூளையணுக்களுக்குள் முடிச்சுகள் தெரிந்தன. அல்சைமர் நோயிலும் அதே வகை முடிச்சுகள் உண்டு. 1975இல் கண்டறியப்பட்ட டாவ் புரதம்தான் அவற்றின் மூலப்பொருள் என்பது 1986இல் வெளிப்பட்டது. நரம்பணுவின் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிப்பது டாவின் வேலை. பாஸ்பேட் அளவு மீறி ஏறினால் அது குழலை விட்டுக் கழன்று, தனக்குள் திரண்டுவிடுகிறது. வழக்கமான இயக்க நரம்பணு நோயில் அப்படித் திரள்வது டிடிபி-43 என்ற புரதம் என்று 2006இல் தெரிந்தது. மெட்ராஸ் நோய்க்கு இத்தகைய அடையாளப் புரதம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. மேலை நாடுகளில் அரிதாகவே தென்படும் நோய்க்கு ஆய்வுப் பணமும் அரிதாகவே கிடைக்கிறது. தென்னிந்திய ஆய்வகங்கள்தான் இதைத் தம் பொறுப்பாக ஏற்றாக வேண்டும்.

மெட்ராஸ் நோய்க்கு நெருங்கிய சாயலுடையது பிரௌன்-வயலெட்டோ-வான் லேர் நோய். 1894இல் முதலில் பதிவான அதிலும் செவிக் குறைபாடு உண்டு. ரைபோஃபிளேவினை, அதாவது வைட்டமின் பி2ஐ, அணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணுப் பிழையே காரணம் என்பது 2010இல் தெளிவானது. இந்த வைட்டமினைப் பெருமளவில் கொடுத்தால் பலருக்கு நோய் தணிகிறது. மெட்ராஸ் நோயும் அதுதானோ என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் அந்த மரபணுப் பிழைகள் மெட்ராஸ் நோயாளிகளிடம் இல்லை என்று 2013இல் நிம்ஹான்ஸ் ஆய்வு காட்டியது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். எனினும் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால், காது மந்தமும் தசை மெலிவும் சேர்ந்து வரும் இளைஞருக்கு மெட்ராஸ் நோய் என்று முடிவுகட்டுமுன் ரைபோஃபிளேவின் கடத்திப் புரதத்தின் மரபணுச் சோதனையைச் செய்துவிட வேண்டும். மாத்திரையால் தணியக்கூடிய நோயைத் தவறவிடக் கூடாது.