தாய்மார் கேட்ட சிலுவை

சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல். பார்க்க அழகுதான். ஆனால் இந்த ஒழுங்கு ஒரு காலத்தில் எத்தனை தாய்மார்களைக் கலங்க அடித்தது என்று படித்த பிறகு, எனக்கு அழகு மட்டும் கண்ணில் படுவதில்லை.

முதல் யுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் கல்லறைக் கமிஷன் ஒரு தீர்மானம் செய்தது. சடலங்களை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. போர்க்களத்தில் நட்ட மரச் சிலுவைகளுக்குப் பதில் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். பிரபு மகனுக்கும் சரி, தோட்டக்காரன் மகனுக்கும் சரி.

‘எங்களுக்குச் சிலுவைதான் வேண்டும்’ என்று 1919-ல் 8,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு வேல்ஸ் இளவரசருக்கு மனுச் செய்தார்கள். முன்னின்றவர் எக்ஸீட்டர் பிஷப்பின் மனைவி, பிளாரன்ஸ் சீசில் சீமாட்டி. மூன்று பிள்ளைகளை யுத்தத்துக்குப் பறிகொடுத்தவர். உயிர்த்தெழுதலை நம்புகிற தாய்க்குச் சிலுவை வெறும் அலங்காரமா, என்ன?

1920 மே 4-ந் தேதி பார்லிமெண்டில் விவாதம். என் மனசு சீமாட்டியின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அன்று சபையில் வாசித்த கடிதம் ஒன்று என்னைத் தடுக்கிறது. எழுதியவர் கிப்ளிங். 1915-ல் லூஸ் போரில் மறைந்த அவருடைய ஒரே மகனின் உடல் அவர் காலத்தில் அடையாளம் காணப்படவே இல்லை. இன்ன இடம் என்று தெரிந்த கல்லறை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள் என்பதே கடிதத்தின் சாரம்.

கமிஷன் பக்கமே நிலைத்தது. கல்லிலேயே சிலுவை செதுக்கினார்கள். மற்ற மதத்தாருக்கு அவரவர் சின்னம். கீழே குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வரி சேர்க்கலாம். பெயர் தெரியாத சிப்பாய்களின் கல்லுக்கு, இவன் ஆண்டவனுக்குத் தெரிந்தவன் என்ற பொருளில் வாசகம் கொடுத்தவரும் அந்தக் கிப்ளிங்தான்.