பர்மாவின் எண்ணெய்க் கிணற்றுக் குடிகள்

எண்ணெய்த் தொழில் என்றதும் இரும்புக் கோபுரங்களும் பொறியியலாளரும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும், அக்கோபுரங்கள் எழுதற்கு நெடுங்காலம் முன்னரே, கையாற் கிணறு அகழ்ந்து எண்ணெய் எடுப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடிகள் பர்மாவில் வாழ்ந்தன. அத்தொழில் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

இன்று மியன்மார் என வழங்கும் அந்நாட்டில், ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில், யேனஞ்சாங் என்னும் ஊர் உளது. நிலத்தெண்ணெயைப் பர்மியர் 'நாறும் நீர்' என்பர். நாறும் நீரோடை என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். 1797ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஹைறம் கொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஐந்நூறுக்கு மேற்பட்ட கிணறுகள் இருந்தனவாகக் குறித்துள்ளார். அவை 24 குடும்பங்களின் உரிமையாயிருந்தன. அவற்றுள் 18 குடும்பங்களுக்கு ஆடவரும் 6 குடும்பங்களுக்குப் பெண்டிரும் தலைமை பூண்டிருந்தனர். கிணற்றுரிமையாளருக்குத் 'துவின்சா' என்பது பெயர். கிணற்றை உண்பவர் என்று பொருள்படும். ஓர் ஊரின் வரியைப் பெறும் பிரபுவையும் ஊரை உண்பவர் என்றே அந்நாட்டார் அழைத்தனர். உண்டவர் உரிமையாளரே, கிணற்றுள் இறங்கியவர் நிலை வேறு.

கிணறு ஏறத்தாழ நான்கடிச் சதுரமானது. பக்கமண் சரியாதவாறு மரச்சட்டம் அடுக்கப்பட்டது. சில கிணறுகள் இருநூறடிக்கு மேலும் ஆழ்ந்தன. இடுப்பிற் கயிறு பிணித்து ஒருவன் இறங்குவான். கீழே நச்சுவாயு நிறைந்திருந்தமையால், ஆழ்கிணற்றில் அவன் ஒரு நிமிடம் நின்று தொழில் செய்வதும் அரிது. விளக்குக் கொண்டு செல்லவும் இயலாது, வாயு தீப்பற்றும். ஆதலால் இறங்குமுன்னரே கண்களைத் துணியாற் கட்டிக்கொள்வான். அடியிற் கட்டவிழ்த்ததும் இருள் பழகிய கண் உடனே பயன்படும். எழுத்தறியாத தொழிலாளி கண்ட இவ்வுபாயத்தைக் கல்லூரிப் படிப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததென்று யான் கருதேன். மேலே நின்றோர் கயிற்றைப் பற்றிச் சரிவில் இறங்கியோட, அவன் மூச்சுத் திணறி மேலெழுவான். பின் அடுத்தவன் இறங்குவான்.

1886ஆம் ஆண்டு மேற்பர்மா பிரித்தானியர் வசமாயிற்று. அதே ஆண்டில், டேவிட் காகில் என்பாரின் முயற்சியால், ஸ்கொத்லாந்தில் பர்மா எண்ணெய்க் கொம்பனி தோன்றிற்று. துவின்சாக்களின் பழைய உரிமையை அரசு மதித்து, துவிங்கொன், பெமே என்னும் இரு நிலப்பகுதிகளை அவர்க்கென ஒதுக்கியது. எனினும், ஒதுக்கிய நிலத்திலும் துவின்சாக்கள் பலர் தம் கிணற்றிடங்களைக் கொம்பனிகளுக்கு விற்றனர். நிலமுடையவர் விலை பெற்றனர். கயிற்றில் இறங்கும் வித்தைக்கு விலை கொடுப்பார் இலர்.

புதிய வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது. இயந்திரத்தால் துளையிடும் வல்லுநரை அந்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் உயர்ந்த ஊதியத்துக்கு அழைத்தனர். பர்மியர் அவர்க்குக் கீழ்க் கையாட்களாயினர். இரங்கூனுக்கு அண்மையிலுள்ள சிரியம் சுத்திகரிப்பு நிலையத்திலோ, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பெருந்தொகையினராயிருந்தனர். எண்ணெய் முன்னர் ஆற்றுவழியே படகுகளிற் சென்றது. 1908ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 275 மைல் நீளமான குழாய் இடப்பட்டதும் படகோட்டிகளின் பிழைப்பும் சுருங்கிற்று.

இம்மாற்றங்களாற் பெருகிய மனக்குறை 1938ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சவுக் என்னுமிடத்திலும் யேனஞ்சாங்கிலும் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தக்கின் போ லா ஜி என்பவரின் தலைமையில், அவ்வாண்டின் இறுதியில், தலைநகரை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். மக்வேயில் அதிகாரிகள் தடுத்தும் அவர் மீண்டிலர். இரங்கூன் மாணவர் அவர்க்குத் துணைநின்றனர். டிசெம்பர் 20ஆந் திகதி நிகழ்ந்த ஊர்வலத்திற் பொலிசாரின் தடியடி பட்ட ஆங் ஜோ என்னும் மாணவன் உயிர்நீத்தான். பர்மிய ஆண்டுக் கணக்கின்படி அஃது 1300ஆம் ஆண்டு. அக்கிளர்ச்சியையும் அவ்வெண்ணாலேயே இன்றும் குறிக்கின்றனர்.

1942 ஏப்ரலில், ஜப்பானியர் நெருங்கியபோது, எண்ணெய் வயல்கள் பகைவர்க்குப் பயன்படலாகாதென்று பிரித்தானியர் அவற்றைத் தாமே தகர்த்தனர். இயந்திரங்கள் உடைந்தன, தொட்டிகள் எரிந்தன. போருக்குப் பின் கொம்பனி மீண்டு வந்ததாயினும், பழைய நிலை திரும்பவில்லை. 1963ஆம் ஆண்டில் பர்மிய அரசு அத்தொழிலை நாட்டுடைமையாக்கிற்று.