பிரிந்து செல்லும் உரிமை: கொங்கு நாட்டுத் தொழில்வளத்தின் மறந்த வேர்

கோயம்புத்தூரின் தொழில்வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக மூன்று காரணங்களைச் சொல்வர். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி ஒன்று. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து இறங்கி வந்த நீர்மின்சாரம் மற்றொன்று. கொங்கு மக்களின் அயராத உழைப்பு மூன்றாவது. மூன்றும் உண்மையே. ஆயினும் நான்காவதாக ஒரு காரணம் உண்டு என்பது நம் கருத்து. அது மண்ணிலோ மலையிலோ இல்லை. ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவாக நிற்கும் ஒற்றை வாக்கியம்தான் அது.

தொழில்நுட்ப நிறுவனங்களின் போட்டி, அதனால் எழும் வழக்குகள், ஊழியர்கள் பணி மாறுவது ஆகியவை இக்காலத்துச் செய்திகளாகவே பேசப்படுகின்றன. உண்மையில் இவை மிகப் பழைய சிக்கல்கள். ஒருவன் கையில் இருக்கும் திறன் அவனுக்குச் சொந்தமா, அவனுக்குக் கூலி கொடுத்தவருக்குச் சொந்தமா என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

கம்மாளரும் காலணியும்

சற்றே பின்னோக்கிச் செல்வோம். சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், சங்க காலத்திலேயே இரும்புருக்கும் தொழிலும் மணி செய்யும் தொழிலும் அங்குச் செழித்திருந்ததைக் காட்டின. கைத்திறன் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் அத்திறனை உடையவர்களின் நிலை என்ன?

கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டொன்று இதற்கு விடை தருகிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய மன்னனின் ஆணை அது. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் தம் நன்மை தீமைச் சடங்குகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே புறப்படும்போது காலணி அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அந்த ஆணை உரிமை வழங்குகிறது. கொழுவும் கலப்பையும் செய்து கொடுத்தவர்கள், காலில் செருப்பு அணிய மன்னனின் ஆணை தேவைப்பட்டிருக்கிறது! திறன் இருந்தால் உரிமை தானே வந்துவிடும் என்பது வரலாறு ஒப்பாத கருத்து. உரிமையை யாரேனும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சட்டங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 13 ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. முதலாவது, 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையை விட்டுச் சென்றால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலைக்குத் திரும்பவோ நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. பணி விலகுவது இச்சட்டத்தின்கீழ் குற்றமாகவே நடத்தப்பட்டது.

இரண்டாவது, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 27ஆம் பிரிவு இதற்கு நேர் எதிரான குரலில் பேசுகிறது. சட்டமுறையான தொழிலையோ வணிகத்தையோ அலுவலையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கின்ற அந்த அளவுக்குச் செல்லாது என்பது அதன் பொருள். தொழிலின் நற்பெயரை விலைக்கு விற்றவர் மட்டும் இதற்கு விலக்கு. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 'நியாயமான அளவு தடை இருக்கலாம்' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தன. இந்தியச் சட்டமோ அவ்வாசலை அடைத்துவிட்டது.

1874ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதை உறுதிசெய்தது. ஒரே வட்டாரத்தில் போட்டியிட்ட இரு பித்தளை வணிகர்கள். ஒருவர் கடையை மூடினால், அவர் தம் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் தாம் தருவதாக மற்றவர் வாக்களித்தார். கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. 900 ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்தவரிடம், அவ்வொப்பந்தமே செல்லாது என்று தலைமை நீதிபதி ரிச்சர்ட் கௌச் கூறிவிட்டார். தடை ஓர் ஊர்ப்பகுதிக்கு மட்டும் உரியதாக இருந்தாலும் அது தடையே என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கடைக்காரரின் தொழில் உரிமையைக் காத்த 1872ஆம் ஆண்டுச் சட்டமும், கூலியாளைச் சிறைக்கு அனுப்பிய 1859ஆம் ஆண்டுச் சட்டமும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றாகவே நடைமுறையில் இருந்தன. பின்னது நீக்கப்பட்டுச் செயலிழந்தது 1926ஆம் ஆண்டில்தான். பிரிந்து செல்லும் உரிமை முதலில் முதலாளிக்குக் கிடைத்தது. தொழிலாளிக்கு அது மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

கலிபோர்னியாவும் கோவையும்

27ஆம் பிரிவின் பிறப்பிடம் வியப்புக்குரியது. நியூயார்க் மாநிலத்துக்காக டேவிட் டட்லி ஃபீல்டு என்னும் வழக்கறிஞர் எழுதிய வரைவுச் சட்டத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. நியூயார்க் அவ்வரைவை ஏற்கவில்லை. ஆனால் கலிபோர்னியா ஏற்றுத் தன் குடிமைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஆண்டு? அதே 1872! ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகள் போல, ஒரே வரைவின் வாக்கியம் இந்தியாவிலும் கலிபோர்னியாவிலும் ஒரே ஆண்டில் சட்டமாயிற்று.

கலிபோர்னியாவில் விளைந்தது என்ன என்பதை உலகம் அறியும். 1957ஆம் ஆண்டில் ஷாக்லியின் ஆய்வுக்கூடத்தை விட்டு எட்டு அறிவியலர் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுள் இருவரான ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968ஆம் ஆண்டில் அதையும் விட்டு வெளியேறி இன்டெல்லைத் தொடங்கினர். மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அறிஞர்கள் இருந்தனர், பணம் இருந்தது. ஆனால் சிலிக்கான் பள்ளத்தாக்கு கலிபோர்னியாவில்தான் தோன்றியது. போட்டித் தடை ஒப்பந்தங்களை ஏற்காத சட்டம் இதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்று ரொனால்டு கில்சன் என்னும் சட்ட அறிஞர் 1999ஆம் ஆண்டில் வாதிட்டார்.

சட்டம் தடுத்ததைச் சில நிறுவனங்கள் மறைமுகமாகச் செய்ய முயன்றதும் உண்டு. ஒருவர் ஊழியரை மற்றவர் அழைப்பதில்லை என்று ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலியவை தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்ததாக அமெரிக்க நீதித்துறை 2010ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தது. பின்னர் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2015ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

இனிக் கோவைக்கு வருவோம். 1888ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கு நூற்பாலை தொடங்கினார். அந்த ஸ்டேன்ஸ் அளித்த ஊக்கத்தோடும் உதவியோடும் ஜி.டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார் என்பது கோவையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தம்மிடம் இருந்த திறமையாளனைக் கட்டி வைக்காமல் கைகொடுத்து அனுப்பும் பண்பு அதில் தெரிகிறது. 1926ஆம் ஆண்டில் பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்பள்ளி எழுந்தது. 1937ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். பின்னர் பாலசுந்தரம் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கட்டினார். வார்ப்படச் சாலையில் வேலை கற்றவர் தனிப் பட்டறை போடுவதும், அப்பட்டறையில் கற்றவர் அடுத்த தெருவில் இன்னொன்று போடுவதும் கோவையில் அன்றாட வழக்கமாயிற்று. பம்பு செட்டும் மோட்டாரும் இந்நகரில் ஓர் ஆலையில் பிறந்தவை அல்ல. ஓராயிரம் பட்டறைகளில் பிறந்தவை.

திருப்பூரின் கதையும் இதுவே. பின்னலாடைத் தொழிலில் கூலிகளாக நுழைந்த கொங்கு வேளாண் குடியினர் பலர் எவ்வாறு உரிமையாளர்களாயினர் என்பதைச் சரத் சாரி 2004ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். தம் முதலீடு உழைப்பே என்று அம்முதலாளிகள் சொல்லிக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். கூலியாக இருந்தவன் போட்டியாளனாக மாறச் சட்டம் தடையாக இருந்திருந்தால் அந்த உழைப்பு முதலாக மாறியிருக்குமா?

கட்டுவது எதை?

முதலாளிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஈராண்டு தொழில் கற்றுக் கொடுத்து, எந்திரத்தை நம்பி ஒப்படைத்தபின், கற்றவன் மறுநாளே போட்டியாளரிடம் சென்றால் சிறு பட்டறைக்காரர் என்ன செய்வார்? நீதிமன்றங்கள் இதையும் எண்ணிப் பார்த்துள்ளன. கல்யாணில் டயர் நூல் செய்த செஞ்சுரி ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியுமுன் கோட்டாவிலுள்ள போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை 27ஆம் பிரிவுக்கு முரண் அன்று என்று 1967ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தம் முடிந்தபின் தொடரும் தடையை அது ஏற்பதில்லை. துடுப்பாட்ட வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர நிறுவனம் கட்டிப்போட முயன்ற வழக்கில் 2006ஆம் ஆண்டில் இதுவே மீண்டும் உறுதியாயிற்று.

புதியதைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை என்னும் வழி இருக்கிறது. சிறிய எஞ்சினில் இரண்டு தீப்பொறிச் செருகிகளை வைக்கும் நுட்பம் குறித்துப் பஜாஜ் நிறுவனமும் ஓசூரில் ஆலை வைத்துள்ள டி.வி.எஸ். நிறுவனமும் 2007ஆம் ஆண்டு முதல் மோதிக்கொண்டன. 2008ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி டி.வி.எஸ்.ஸுக்குத் தடை விதித்தார். 2009ஆம் ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. முடிவில் 2019ஆம் ஆண்டில் இரு தரப்பும் சமாதானமாயின. வழக்கு நீண்டது உண்மை. எனினும் அது பொருளைப் பற்றிய வழக்கு. எந்தப் பொறியாளரின் காலிலும் அது விலங்கு பூட்டவில்லை.

மூன்றாவது வழியைக் கோவையே காட்டியிருக்கிறது. 1955ஆம் ஆண்டில் ப. சபாபதி மாவரைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். பிறகு அது நூற்றுக்கணக்கான பட்டறைகளின் பிழைப்பாயிற்று. புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தபின், 2005-06ஆம் ஆண்டில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்னும் பெயர் பதிவாயிற்று. பெயர் தனியொருவருக்கு உரியதாகாமல் ஊருக்கே உரியதாயிற்று. ஆகவே காப்புரிமை பொருளைக் காக்கிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. ஆளைக் கட்டுவது ஒன்றுதான் 'பாண்டு' என்று நம் மாணவர்கள் அழைக்கும் பணி உறுதிமொழிப் பத்திரத்தின் வேலை.

இன்றைய நிலை

எம்மிடம் பயின்று மென்பொருள் நிறுவனங்களில் சேரும் பிள்ளைகள் இப்பத்திரங்களைப் படிக்காமலே கையொப்பமிடுகின்றனர். ஈராண்டுக்குள் விலகினால் இத்தனை இலட்சம் என்ற நிபந்தனையோடு மூலச் சான்றிதழ்களையும் சில சிறு நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. உயர்கல்வி நிறுவனங்கள் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆனால் அது கல்லூரிகளுக்கான ஆணை. நிறுவனங்களை அது தொடவில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 இலட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைக் காட்டிப் பிள்ளைகளை அச்சுறுத்துவோர் தீர்ப்பை முழுதும் படிக்க வேண்டும். பொதுத்துறை வங்கியொன்று வெளிப்படையான தேர்வுக்குச் செய்யும் செலவையும், பணிக்காலத்துக்குள் மட்டுமே செயற்படும் தடையையும் கருதி எழுந்த தீர்ப்பு அது. விலகியவர் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. எழுதிய தொகை எதுவாயினும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற முடியாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது.

நமக்கு இதில் ஒரு பழைய முகம் தெரிகிறது. குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணத்துக்குப் 'பாக்கி' என்று பெயர். பாக்கியைத் தீர்க்காமல் தறிக்காரர் வேறு கூடத்துக்குப் போக முடியாது. ஆனால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அவரை அழைத்துச் செல்வதும் உண்டு. மாணவர் கையொப்பமிடும் பத்திரத்துக்கும் இந்தப் பாக்கிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே: தறிக்காரர் முன்பணத்தைக் கையில் வாங்கினார்; நம் மாணவர் ஒரு காசும் வாங்காமலே கடனாளியாகிறார்!

பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவைக் கணக்குக் காட்டிக் கேட்பதில் தவறில்லை. கண்டுபிடிப்பைக் காப்புரிமையால் காப்பதிலும் தவறில்லை. ஆனால் கற்ற கல்வியையும் கைத்திறனையும் அடகுப் பொருளாக்குவது, இந்நகரை உருவாக்கிய வழக்கத்துக்கே எதிரானது. இன்று கோவையில் பெருநிறுவனம் நடத்துவோர் பலரின் தந்தையரோ பாட்டனாரோ ஒரு நாள் யாரோ ஒருவரின் பட்டறையை விட்டு வெளியே வந்தவர்கள்தாம். அன்று அவர்களிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.